விரலில் ஒட்டாத தூசி

என் பெரியம்மாவின் ஆள்காட்டி விரலுக்கு ஒரு காலத்தில் ஒரு ஹோட்டலே நடுங்கியது. அறைகளைச் சுத்தம் செய்யும் பிரிவுக்கு அவர்தான் மேற்பார்வையாளர். ஒரு அறைக்குள் நுழைந்தால் படுக்கையைப் பார்க்கமாட்டார், குளியலறையைப் பார்க்கமாட்டார். நேராகக் கதவின் மேல் விளிம்புக்குப் போய், எவர் கண்ணிலும் படாத அந்த இடத்தில் விரலை வைத்து ஒரு இழுப்பு இழுப்பார். பிறகு விரலைத் திருப்பி, எதிரே நிற்கிறவரின் கண்ணுக்கு நேரே நீட்டுவார். ஒரு வார்த்தை திட்டமாட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அங்கே வேலை பார்த்த பெண்கள் சொல்வார்கள்.

ஹோட்டலில் அவருக்கு வைத்த பெயர் விரலம்மா. "விரலம்மா வராங்க" என்று ஒரு குரல் வந்தால் போதும், மாடிப்படியில் அரட்டை அடித்துக்கொண்டிருந்த கூட்டம் வாளியும் துடைப்பமுமாகக் கலைந்துவிடும். பெரியம்மாவுக்கு இந்தப் பெயர் தெரியும். பட்டம் வாங்கியவர் மாதிரி அதை உள்ளூர ரசித்தார் என்றே நினைக்கிறேன்.

எனக்கு இந்த ஊரில் வேலை கிடைத்தபோது, தனியாக வீடு பார்க்க வேண்டாம் என்று என் அம்மா தன் அக்காவின் வீட்டு மாடி அறையில் என்னைக் கொண்டுவந்து சேர்த்தார். சேர்த்துவிட்டு, "பெட்டியை உள்ள வைக்கிறதுக்கு முன்னாடி சக்கரத்தைத் துடைச்சிடு" என்று காதோடு காதாகச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார். அந்த வீட்டில் சோபாவுக்கு உறை உண்டு. அந்த உறை அழுக்காகாமல் இருக்க அதற்கு மேல் ஓர் உறை உண்டு. டிவி ரிமோட் பிளாஸ்டிக் பைக்குள் கட்டுண்டு கிடக்கும். சோபாவின் உண்மையான நிறம் என்னவென்று கடைக்காரனுக்கும் பெரியம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். என்னைக் கேட்டால், அது வீடு இல்லை, ஹோட்டலின் இன்னொரு கிளை.

பெரியப்பா அதில் ஒரே ஒரு நிரந்தர விருந்தாளி. வாழ்நாள் முழுக்க டவுன் பஸ் ஓட்டியவர். முன்னால் போகிற வண்டியின் புகையைத் தான் குடித்து, தன் வண்டியின் புகையைப் பின்னால் வருகிறவனுக்குக் கொடுத்து, அப்படியே ஓய்வு பெற்றவர். புகைபிடிக்கும் பழக்கம்கூட இல்லை. நெஞ்சு மட்டும் பழுதாகிவிட்டது. படியேறினால், குனிந்து செருப்பு மாட்டினால், சத்தமாகச் சிரித்தால், உள்ளேயிருந்து ஒரு விசில் கிளம்பும். "உள்ள ஒரு கண்டக்டர் விசில் ஊதிக்கிட்டே இருக்கான். வண்டிதான் நகரமாட்டேங்குது" என்பார். அதைச் சொல்லிச் சிரித்து, அந்தச் சிரிப்பிலேயே இன்னொரு விசிலும் வாங்கிக்கொள்வார்.

ஒரு தடவை மூச்சு இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்து வந்தார். கிளம்பும்போது டாக்டர் பெரியம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "தூசி, புகை பக்கமே விடாதீங்க. இன்னொரு தடவை இப்படி வந்தா, திரும்ப வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவீங்கன்னு என்னால உறுதி சொல்ல முடியாது."

வேறு யாரிடமாவது இதைச் சொல்லியிருந்தால் பயந்து போயிருப்பார்கள். பெரியம்மாவும் பயந்தார். வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுததை நானே கேட்டேன். ஆனால் முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தபோது அவர் நடையில் ஒரு தெம்பு இருந்தது. எதிரி யார் என்று டாக்டரே சொல்லிவிட்டார். அந்த எதிரியோடு மல்லுக்கட்டுவதற்கு இந்த ஊரில் தன்னை விட்டால் ஆள் ஏது என்று அவர் நினைத்தது முகத்திலேயே தெரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் பெரியம்மா ஹோட்டல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். ஓய்வு பெறுகிறவர்களுக்கு அங்கே சுவர்க்கடிகாரம் கொடுப்பது வழக்கமாம். இனி நேரம் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாதவர்களுக்குக் கடிகாரம்! பெரியம்மா கடிகாரம் வேண்டாம் என்றார். ஸ்டோர் ரூமில் கிடக்கும் பழைய ஓசோன் மெஷின் வேண்டும் என்றார். ஹோட்டல்காரர்களுக்கு ஏக சந்தோஷம்.

சிகரெட் வாடை, ஈரவாடை என்று எது பிடித்த அறையானாலும் அந்தப் பெட்டியை உள்ளே வைத்துக் கொஞ்ச நேரம் ஓடவிட்டால் வாடை போய்விடும். ஹோட்டலில் அதை ஓட்டுவது எலெக்ட்ரீஷியனின் வேலை. மெஷினைப் போட்டுவிட்டு, கதவைச் சாத்தி, வெளியே ஒரு ஸ்டூலில் அவர் காவல் உட்கார்ந்துவிடுவார். எல்லாம் முடிந்து அவர் கூப்பிட்ட பிறகுதான் பெரியம்மா விரலோடு உள்ளே போவார். "ஸ்டூல் போட்டு உக்கார ஒரு சாக்கு அவனுக்கு" என்பது பெரியம்மாவின் கருத்து. அறைக்குள் லேசாக மிச்சமிருக்கும் வாசனை மட்டும் அவருக்கு ரொம்பப் பிடிக்கும். மின்னல் வெட்டி ஓய்ந்ததும் வருமே, மூக்கைச் சுரண்டுகிற மாதிரி ஒரு சுத்த வாசனை, அது.

மெஷின் வீட்டுக்கு வந்த அன்று நான் ஆபீஸ் முடிந்து திரும்பியபோது, அது முன்னறை மேஜையில் புத்தம்புதுசாக மின்னிக்கொண்டிருந்தது. மேலே ஒரு எழுத்து இல்லை. முன்பு அதில் பெரிதாக ஒரு சிவப்பு ஸ்டிக்கர் இருந்ததாம். வெந்நீர் ஊற்றி ஊறவைத்து, பெரியம்மா நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டார்.

"ஏன் பெரியம்மா?" என்றேன்.

"ஸ்டிக்கர் ஓரம்தான் தூசிக்குக் குடியிருப்பு. உனக்கு என்ன தெரியும்?"

அதற்குப் பிறகு தினமும் நடக்க வேண்டியதற்கு ஒரு ஒழுங்கு வைத்தார். காலையில் எலுமிச்சை வாசனைத் திரவம் விட்டுத் தரையைத் துடைப்பார். பெரியப்பாவை முன்னறைக்கு விரட்டிவிட்டு, படுக்கையறை ஜன்னலை இறுக்கச் சாத்தி, மெஷினைப் போடுவார். அது ஓய்ந்ததும் அவரை உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்துவார். ஜன்னலை மட்டும் திறக்கமாட்டார். திறந்தால் அத்தனை சுத்தமும் வெளியே போய்விடுமே! பெரியப்பா அந்தச் சுத்தத்தின் நடுவே படுத்து இருமுவார். அவர் இருமினால் பெரியம்மா இன்னொரு தடவை தரையைத் துடைப்பார். துடைத்தால் அவர் இன்னும் கொஞ்சம் இருமுவார். இந்தக் கணவன் மனைவி மாதிரி ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்காமல் உழைத்தவர்களை நான் பார்த்ததில்லை.

வெளியே அனுப்புவதற்கும் ஒரு சட்டம் இருந்தது. வானம் மங்கலாக இருந்தால் வாசல்படி தாண்டக் கூடாது. பளிச்சென்று வெயில் அடித்து, வானம் நீலமாக இருந்தால் மத்தியானம் ஒரு நடை போய்வரலாம். பெரியப்பா தொப்பி மாட்டிக்கொண்டு போவார். தெருமுனையில் வண்டிகள் உறுமிக்கொண்டு நிற்கும் சிக்னல் வரை போய், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திரும்பி வருவார்.

"வெயில் பட்டா உடம்புக்கு நல்லது" என்பார் பெரியம்மா.

"பட்டுச்சு" என்பார் பெரியப்பா.

இப்படி இருக்கும்போதுதான் வெளியூரிலிருந்து அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். பெரியம்மாவின் ஒரே மகனும் மருமகளும். அண்ணனைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அம்மா பேசினால் அம்மா சொல்வது சரி என்பார், மனைவி பேசினால் அதுவும் சரி என்பார். அண்ணி வேலை பார்ப்பது காற்றை அளக்கும் ஆபீஸில். ஊரின் மூலை முடுக்கெல்லாம் பெட்டி வைத்து, காற்றில் என்னென்ன மிதக்கிறது என்று பார்க்கும் வேலை. "காத்தை அளந்து சம்பளம் வாங்குறா" என்று பெரியம்மா சொந்தக்காரர்களிடம் சொல்வது பெருமையா குத்தலா என்று கடைசிவரை யாருக்கும் புரிந்ததில்லை.

அண்ணி படுக்கையறைக்குள் காலை வைத்ததுமே நின்றுவிட்டார்.

"அத்தை, என்ன வாசனை இது?"

"ஓசோன்மா. அசல் ஓசோன்."

"இதை யாரு போடச் சொன்னாங்க?"

"யாரு சொல்லணும்? உலகத்துலயே ஓசோன் குறைஞ்சு போச்சு, ஓட்டை விழுந்துடுச்சுன்னு எல்லாரும் கத்தினாங்களே. நான் வீட்டுலயே தயார் பண்றேன். நியாயமா உங்க ஆபீஸ்ல எனக்கு ஒரு சால்வை போத்தணும்."

அண்ணி சிரிக்கவில்லை. முதலில் ஜன்னலைத் திறந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "அது மேல இருக்கிற ஓசோன் அத்தை. விமானத்துக்கும் மேல. அங்க இருந்தா வெயிலோட கெட்ட கதிரைத் தடுத்து நம்மளக் காப்பாத்தும். அதே ஓசோன் கீழ மூக்குகிட்ட வந்தா மூச்சுக்குழாயைப் புண்ணாக்கிடும்."

"இது என்ன கூத்து? ஒரே ஆள், மேல நல்லவன், கீழ கெட்டவனா?"

கட்டிலில் சாய்ந்திருந்த பெரியப்பா அப்போதுதான் வாயைத் திறந்தார். "உங்க ஹோட்டல் மேனேஜர்னு வச்சுக்கோயேன். மேல் மாடி ரூம்ல இருக்கிற வரைக்கும் தங்கமான மனுஷன்னு நீதானே சொல்லுவே. கீழ இறங்கி வந்தாத்தானே எல்லாருக்கும் வயித்தைக் கலக்கும்."

பெரியம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்தார், முடியவில்லை, சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்போடு விஷயம் முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

சாப்பாட்டு மேஜையில் அண்ணி நீல வானத்தையும் விட்டுவைக்கவில்லை. வண்டிப் புகையும் வெயிலும் சேர்ந்தால் நடுரோட்டிலேயே ஓசோன் உண்டாகும், நல்ல வெயில் மத்தியானம்தான் அதற்கு உச்ச நேரம், வானம் பார்க்க அழகாகத்தான் இருக்கும் என்றார். "அந்த நேரமாப் பார்த்து மாமாவை சிக்னலுக்கு அனுப்புறீங்க. காலையில வெயில் ஏறுறதுக்கு முன்னாடி, வண்டி இல்லாத சந்துப் பக்கமா அனுப்புங்க. இந்தக் கீழ் ஓசோன் நெஞ்சைக் கெடுக்கிறது மட்டுமில்ல, பூமியோட சூட்டையும் பிடிச்சு வச்சுக்கும். சூடு கூடினா ஓசோனும் கூடும்."

"அப்போ தூசி?" பெரியம்மா விடவில்லை. தன் எதிரியை யாரும் மறந்துவிடக் கூடாதே என்கிற கவலை.

"அதுல ரெண்டு விதம் இருக்கு அத்தை. வெளிர் நிறத் துகள் வெயிலைத் திருப்பி அனுப்பி பூமியைக் கொஞ்சம் குளிர வைக்கும். கரித்துகள் வெயிலை உறிஞ்சி இன்னும் சூடாக்கும். நெஞ்சுக்குள்ள போயிட்டா எல்லாமே வினைதான்."

"என் பஸ் எதும்மா பண்ணுச்சு? குளிர வச்சுதா, சூடாக்குச்சா?" என்றார் பெரியப்பா.

"டீசல் கரி மாமா. சூடாக்கத்தான் செஞ்சிருக்கும்."

"சரி. நான் ஓட்டினதுக்கு அடையாளமா அதாவது இருக்கே."

மறுநாள் காலை அண்ணி பையிலிருந்து ஒரு சின்ன மீட்டரை எடுத்தார். காற்றில் மிதக்கும் நுண்துகளை எண்ணிக் காட்டும் கருவி. வாசலில் வைத்தார், ஒரு எண் வந்தது. ரோட்டோரம் வைத்தார், அதைவிடக் கொஞ்சம் கூட வந்தது. பெரியம்மா தரை துடைத்து, மெஷினும் போட்டு முடித்திருந்த படுக்கையறையில் வைத்தார். எண் ஏறிக்கொண்டே போய், ரோட்டையும் தாண்டி, எங்கோ போய் நின்றது.

பெரியம்மாவின் முகம் சிவந்துவிட்டது. அவர் வாழ்க்கையில் யாரும் அவரிடம் இப்படி ஒரு விரலை நீட்டியதில்லை. அலமாரியின் தலையில், ஜன்னல் கம்பியில், கட்டில் காலில் என்று எல்லா இடத்திலும் விரலை இழுத்து இழுத்து அண்ணியிடம் காட்டினார். "எங்கே? எங்கே இருக்கு தூசி? காட்டு."

"இது விரல்ல ஒட்டாது அத்தை. உங்க விரல் ரேகை இருக்கே, அந்தப் பள்ளத்துக்குள்ள ஊர்வலமே போகலாம், அவ்வளவு பொடி. எலுமிச்சை வாசனையும் இந்த ஓசோனும் சேர்ந்தா காத்துலயே புதுசா துகள் உண்டாகும். நீங்க துடைக்கத் துடைக்க அது கூடத்தான் செய்யும்."

"மீட்டர்ல அழுக்கு இருக்கு" என்றார் பெரியம்மா. வெடுக்கென்று அதைப் பிடுங்கி, கையிலிருந்த எலுமிச்சைத் துணியால் நன்றாக ஒரு துடை துடைத்தார். எண் இன்னும் மேலே ஏறியது. "பாத்தியா? தொட்டா ஒண்ணு காட்டுது, விட்டா ஒண்ணு காட்டுது. ஓட்டை மீட்டர்!"

ஊருக்குக் கிளம்பும்போது அண்ணி பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "மெஷினை மட்டும் போடாதீங்க அத்தை, ப்ளீஸ்" என்றார். பெரியம்மா சரி என்று தலையாட்டினார். மெஷினை என்னிடமே கொடுத்துப் பரண்மேல் வைக்கச் சொன்னார். நானும் நம்பிவிட்டேன். பகலில் நான் ஆபீஸில் இருக்கும்போது அது பரணிலிருந்து இறங்கி, சாயங்காலம் நான் வருவதற்குள் திரும்ப ஏறிக்கொண்டிருந்தது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. பெரியப்பாவுக்குத் தெரியும். அவர் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று பிறகு சண்டை பிடித்தேன். "அவ எனக்காகத்தானே அந்தப் பாடு படுறா" என்றார்.

ஒரு மத்தியானம் ஆபீஸுக்கு போன் வந்தது. பெரியம்மாவின் குரலே இல்லை அது. "மூச்சு இழுக்குதுடி. உதடெல்லாம் என்னமோ ஒரு நிறமா ஆகுது. ஓடி வா."

நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பெரியப்பாவின் முகத்தில் மாஸ்க் மாட்டியிருந்தார்கள். முன்பு பார்த்த அதே டாக்டர், வீட்டில் என்ன புகை, என்ன தூசி என்று கேட்டார். பெரியம்மா நிமிர்ந்து, "எங்க வீட்டுல ஒரு பொட்டுத் தூசி கிடையாது டாக்டர்" என்றார். அதைச் சொல்லும்போது அந்த நிலைமையிலும் அவர் குரலில் இருந்த பெருமை எனக்கு ஆத்திரத்தை மூட்டியது. "திரும்பவும் மெஷின் போட்டீங்களா?" என்று காதோரம் கேட்டேன், அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார். நான் டாக்டரிடம் மெஷினைப் பற்றி வாயைத் திறந்தேன். பெரியம்மா என் காலை மிதித்தார். நான் காலை இழுத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் பெரியம்மாவைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். கோபம்கூட இல்லை, இவரிடம் எதிலிருந்து ஆரம்பிப்பது என்கிற களைப்பு.

அந்தப் பொது வார்டு சுத்தம் என்று சொல்லக்கூடியதல்ல. தலைக்கு மேலே சுற்றிய ஃபேனில் இருந்த தூசியை வழித்தெடுத்தால் ஒரு தலையணை தைக்கலாம். பெரியம்மா பையிலிருந்து எலுமிச்சை பாட்டிலை எடுத்ததும் நர்ஸ் ஓடிவந்து, "அதெல்லாம் இங்க கூடாதும்மா" என்று வாங்கி வைத்துக்கொண்டார். ஆயுதம் பறிபோன பெரியம்மா கட்டிலோரம் உட்கார்ந்து ஃபேனையே முறைத்துக்கொண்டிருந்தார்.

மருந்து ஏறியது. மாஸ்க்கைக் கழற்றினார்கள். அந்த அழுக்கு ஃபேனுக்குக் கீழே, அகலத் திறந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் பெரியப்பா தூங்கினார். இருமல் இல்லை. விசில் இல்லை. பெரியம்மா ஃபேனைப் பார்த்தார், பெரியப்பாவின் நெஞ்சைப் பார்த்தார், மறுபடி ஃபேனைப் பார்த்தார்.

பிறகு என்னிடம், "அந்த எலெக்ட்ரீஷியன் நம்பர் என் போன்ல இருக்கு. போடு" என்றார்.

வராந்தாவுக்கு வந்து ஸ்பீக்கரில் போட்டேன். எலெக்ட்ரீஷியன் உற்சாகமாக, "அம்மா, எப்படி இருக்கீங்க? நீங்க போனப்புறம் இங்க கதவு மேல எல்லாம் காடா கிடக்கு" என்று ஆரம்பித்தார். பெரியம்மா அதற்கு மகிழவில்லை.

"நீ ஏன்பா மெஷின் போட்டா ஸ்டூலைப் போட்டு வெளிய உக்காருவே?"

"யாரும் உள்ள போயிடக் கூடாதுல்லம்மா. ஆள் இருக்கிற இடத்துல அதைப் போடவே கூடாது. முடிஞ்சதும் ஜன்னல் எல்லாம் திறந்து விட்டு, அந்த நெடி நல்லாப் போனப்புறம்தான் உங்களையே கூப்பிடுவேன்."

"இதை ஏன் எனக்கு நீ சொல்லல?"

"தனியா என்னத்தைச் சொல்றதும்மா? மெஷின் மேலயே பெருசா சிவப்பு ஸ்டிக்கர்ல எழுதியிருக்கே."

மறுமுனையில் எலெக்ட்ரீஷியன் "அம்மா? லைன்ல இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான்தான் போனை வைத்தேன். பெரியம்மா தன் வலது கையைத் திருப்பி விரல் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான்தானே சுரண்டி எடுத்தேன்" என்றார். பிறகு குழாயைத் திறந்துவிடாமல், வராந்தாவில் போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்க்க, வாய்விட்டு அழுதார். என் ஆத்திரமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. நானும் சேர்ந்து அழுதேன்.

பெரியப்பா வீட்டுக்குத் திரும்பினார். டாக்டர் உறுதி சொல்ல முடியாது என்றாரே, அந்த விஷயத்தில் அவர் தோற்றுப்போனதில் எங்கள் எல்லாருக்கும் சந்தோஷம். மெஷினைப் பெரியம்மாவே எடுத்துக்கொண்டு போய் எலெக்ட்ரீஷியனிடம் ஒப்படைத்தார். அது யார் கைக்கும் போகாதபடி பிரித்துப் போடச் சொல்லி, பிரித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றாராம். அண்ணிக்குப் போன் செய்து, "உன் மீட்டர் ஓட்டை இல்லம்மா" என்று மட்டும் சொன்னார். பெரியம்மாவின் அகராதியில் மன்னிப்புக்கு இதைவிடப் பெரிய வார்த்தை கிடையாது.

இப்போது அந்த வீட்டில் காலையில் ஜன்னல்கள் திறந்திருக்கின்றன. வெயில் உச்சிக்கு ஏறும் நேரத்தில் ரோட்டுப் பக்கத்து ஜன்னலை மட்டும் சாத்துகிறார். வெறும் தண்ணீரில் நனைத்த துணியால் துடைக்கிறார், அதுவும் பெரியப்பா காலை நடைக்குப் போயிருக்கும்போது. கதவின் மேல் விளிம்பில் மெல்லியதாக ஒரு படலம் இருக்கத்தான் செய்கிறது. நான் எம்பி விரல் வைத்துப் பார்த்துவிட்டு, ஹோட்டல் பாணியில் அவர் கண்ணுக்கு நேரே நீட்டினேன்.

"போடி, பெரிய இவ" என்றார். வாளியை எடுக்கவில்லை.

போன வாரம் ஒரு லீவு நாள் மத்தியானம் ஏதோ எடுக்கப் படுக்கையறைப் பக்கம் போனேன். பெரியப்பா தூங்கிக்கொண்டிருந்தார். பெரியம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்து, அந்த ஆள்காட்டி விரலை அவர் மூக்குக்குக் கீழே பிடித்துக்கொண்டு நின்றார். தினமும் இது நடக்கிறது போலிருக்கிறது. ஏனென்றால் பெரியப்பா கண்ணைத் திறக்காமலே, "என்ன மேடம், ரூம் பாஸா?" என்றார்.

"பேசாம மூச்சு விடுங்க" என்றார் பெரியம்மா. விரலை எடுக்கவில்லை.